உட்காராத பயணி

ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டதற்கு மறுவருஷம். விருதுநகரில் ரயில் ஏறிய அந்த மனிதர், பெஞ்சு காலியாக இருந்தும் கதவோரமே நின்றுகொண்டு வந்தார். தாடி காடாக வளர்ந்திருந்தது. பாதங்களில் சாக்குத் துணியைச் சுற்றியிருந்தார். எதிரே யாராவது கண்ணயர்ந்து சாய்ந்தால், “எந்திரிங்கய்யா!” என்று அதட்டினார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

“உமக்கு என்னய்யா வந்தது? பேசாம உட்காரும்” என்றேன்.

“உட்காரச் சொல்லாதீரும்!” என்று சீறினார். “பர்மாவுல இருந்து மலைமலையா நடந்து வாரேன். வெள்ளைக்காரனுக்கு ஒரு பாதை, நமக்கு ஒரு பாதை. நம்ம பாதையில குடிக்கத் தண்ணி கெடையாது. எம் பொஞ்சாதி கொஞ்சம் உட்காந்துட்டு வாரேன்னா. சரி, உட்காருன்னு நான்தான்யா சொன்னேன். உட்காந்தவ எந்திரிக்கவே இல்ல.”



ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினார். “அண்ணே” என்று இவர் கூப்பிட்டதும், பிளாட்பாரத்தில் காத்திருந்த ஒருவர் ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மாட்டைப் பூட்டிட்டு வாரேன். அதுவரைக்கும் இந்தப் பெஞ்சுல உட்காருலே” என்றார்.

ராஜபாளையம் போகவேண்டிய நான், நகரத் தொடங்கிய ரயிலின் சன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன்.

“யோவ்! அவரை உட்காரச் சொல்லாதீரும்!”

அந்த அண்ணன், எவன்டா இந்தப் பைத்தியக்காரன் என்று என்னை முறைத்தார்.