ஹம்தாவின் பாதாம் மரம்

முசல்லமுக்கு ஐம்பத்து மூன்று வயது. சீனாய் மலைகளில் இருபத்தெட்டு வருடமாக ஆட்களை நடத்திக்கொண்டு போய் வருகிறவர். அங்கே வழிகாட்டி வேலை முறை வைத்துத்தான் கிடைக்கும். மலையில் ஒரு தப்பு நடந்தால் போதும், வரிசையில் பெயர் பின்னுக்குப் போய்விடும். முசல்லமின் பெயர் ஒருமுறையும் பின்னுக்குப் போனதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்று மனைவி ஸெய்னாவே சொல்லுவாள்.

போன ஜனவரியில் கெய்ரோவிலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். காலையிலேயே மேற்கே மேகம் கறுத்திருந்தது. விறகும் கம்பளியும் சுமந்த ஒட்டகத்தை ஒட்டகக்காரன் கீழ்ப்பாதையில் சுற்றி ஓட்டிக்கொண்டு போயிருந்தான். அவர் கூட்டத்தைத் திருப்பியிருக்க வேண்டும்.

"பனியப் பாக்கத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கோம், ஷேக்கு. நனைஞ்சா கரைஞ்சு போக நாங்க என்ன சக்கரையா?" என்றார் கூட்டத்தில் இருந்த பல் டாக்டர். எல்லோரும் சிரித்தார்கள். முசல்லமும் சிரித்துவிட்டு நடந்தார்.

கணவாயைத் தாண்டியதும் பனி கொட்டியது. மத்தியானம் மூன்று மணிக்கு, உறவுக்காரி ஹம்தாவின் தோட்டத்துக் கல்வீட்டுக்குள் எல்லோரையும் தள்ளினார். மலைத் தோட்டங்களுக்குப் பூட்டு கிடையாது. அடுப்போரம் கிடந்த சுள்ளி அரை மணியில் தீர்ந்தது. ஒரு பெண்ணுக்கு உதடு நீலம் பாய்ந்து பேச்சு குழறியது. முசல்லம் கைக்கோடரியோடு வெளியே போனார். இலை உதிர்ந்த பாதாம் மரம் குளிர்காலத்தில் பட்டுப்போனது போலத்தான் நிற்கும். நகத்தால் கீறினார். உள்ளே பச்சை. ஒரு கிளை என்று தொடங்கியவர் கடைசியில் மரத்தையே சாய்த்துவிட்டார்.

பெண் பிழைத்தாள். மரத்தை வெட்டியது குற்றமில்லை. உயிர் போகிற நேரத்தில் யார் தோட்டத்திலும் எதையும் எடுக்கலாம். உடையவரை முதலில் பார்க்கும்போது சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். சொல்லாமல் விட்டால்தான் திருட்டு.

முசல்லம் சொல்லவில்லை. ஹம்தா சித்தப்பா மகள், கோபித்துக்கொள்ள மாட்டாள். ஆனால் விறகில்லாமல் ஏன் மேலே போனாய் என்ற கேள்வி வரும். ஒட்டகக்காரனிடம் குகையில் ஒதுங்கினோம் என்று சொல்லிவைத்தார். ஹம்தாவிடம் அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார்.

அதற்குள் அவள் மரத்தைப் பார்த்துவிட்டாள். ஊர் அவ்வாதைக் கை காட்டியது. அவ்வாத் ஸெய்னாவின் தம்பி. இளவயதில் பச்சை வேலமரத்தைத் திருட்டுத்தனமாக வெட்டிக் கரி சுட்டு மாட்டிக்கொண்டவன். பெரியவர்கள் கூடிச் சத்தியம் கேட்டார்கள். "செய்யாததுக்கு நான் எதுக்குச் சத்தியம் பண்ணணும்?" என்று எழுந்து போய்விட்டான். ஊருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு அவனுக்கு யாரும் தேநீர் ஊற்றவில்லை. கடற்கரைக்குப் போய் மீன் படகில் சேர்ந்துகொண்டான். பெரியவர்கள் கூடிய அன்று முசல்லமும் அங்கேதான், கடைசியில், தன் கோப்பையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"மானத்த வாங்கிட்டான். இனி அவன் பேர இந்த வீட்ல எடுக்காதீங்க" என்றாள் ஸெய்னா. அவர் எடுக்கவில்லை. அது அவருக்கு வசதியாகவும் இருந்தது.

இந்தக் குளிர்காலத்தில் பதினோரு பேர் வந்தார்கள். அதே பாதை. தோட்டத்தில் ஹம்தா சரிந்த மதிலுக்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்தாள். கூட்டம் ரொட்டி தின்ன ஒதுங்கியது. ஒருவன் பாதாம் மரத்தின் அடிக்கட்டையில் உட்காரப் போனான்.

"அதுல வேணாம் தம்பி. எங்கப்பா வச்ச மரம். ஒரு கரிக்காரன் பாத்த வேலை."

"கரிக்காரன் இல்ல, ஹம்தா" என்றார் முசல்லம். "நான்தான்."

அவள் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தாள். "எப்ப?"

"போன பனியில. ஒரு பொண்ணு வெறச்சுப் போயிட்டா."

"பொழச்சாளா?"

"பொழச்சுட்டா."

"அன்னிக்கே சொல்லியிருந்தா, பக்கத்து மரத்தையும் வெட்டிக்கோங்கன்னு சொல்லியிருப்பேனே அண்ணே. ஒரு வருஷமா அந்தப் பையன என் வாயால திட்ட வச்சிட்டீங்களே." மறுபடி கல்லை எடுத்தாள். "என்கிட்ட சொல்லி என்ன? எனக்குப் போனது ஒரு மரம். அவன்கிட்ட சொல்லுங்க."

கணவாயின் உச்சியில் ஒரே ஒரு பாறைமேல்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். கூட்டத்தைப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு முசல்லம் ஏறினார். அவ்வாத் எடுத்தான், பின்னால் மோட்டார் சத்தம். முசல்லம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"யாரா இருக்கும்னு வருஷம் முழுக்க யோசிச்சேன் மச்சான்" என்றான் அவ்வாத். "ஊர்ல எல்லார் பேரும் வந்துச்சு. உங்க பேரு மட்டும் வரல."

"எல்லார் முன்னாடியும் சொல்றேன்டா. என் பேரு பின்னுக்குப் போனாப் போகட்டும். நீ திரும்பி வந்துடு."

"ஊர் கிடக்கட்டும். அக்காவுக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல."

"பெருநாளுக்கு ரெண்டு தடவ கூப்பிட்டேன். எடுக்கல அவ. மொதல்ல அவகிட்ட சொல்லுங்க. நான் வலை இழுக்கணும்."

முசல்லம் வீட்டுக்கு அடித்தார்.

"என்ன, ஒட்டகம் கால உடச்சுக்கிச்சா? மலையிலேருந்து ஒருநாளும் கூப்பிட மாட்டீங்களே" என்றாள் ஸெய்னா.

சொன்னார்.

"பெருநாளுக்கு அவன் கூப்பிட்டப்ப நீங்க என் பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?"

"ஆமா."

அவள் வைத்துவிட்டாள்.

கீழே பதினோரு பேரும் பையை மாட்டிக்கொண்டு நின்றார்கள். வீட்டுக்கு இன்னும் இரண்டு நாள் நடை இருந்தது. முசல்லம் இறங்கி, அவர்களுக்கு முன்னால் நடந்தார்.