ஃபூஸனில் நான் செய்துவைத்த சமாதானம்

ஜெர்மனியில் ஃபூஸனுக்குக் கோட்டை பார்க்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னது பொய். உலகமே படம் எடுத்துப் போடும் அந்த வெள்ளைக் கோட்டையில் எனக்கு அக்கறையில்லை. ஆஸ்திரிய வாரிசுரிமைப் போரிலிருந்து பவேரியா விலகிக்கொண்ட ஒப்பந்தம் 1745இல் அந்த ஊரில் கையெழுத்தானது. அங்கே போய் ஒரு நிமிடம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். இதைவிடக் கேவலமான உண்மை ஒன்று உண்டு. அந்தப் போரை நான் பல வருடமாக மனப்பாடமாக வைத்திருக்கிறேன். சொல்லத் தொடங்கினால் வீட்டில் ஆளாளுக்கு அவசர வேலை வந்துவிடும். எழுந்து போக முடியாத ஒருவர் கடைசியில் எனக்குக் கிடைத்தார். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் அவர் கார் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் குகன். யாழ்ப்பாணத்துக்காரர், வயது ஐம்பது இருக்கும். முனிச்சுக்கு வடக்கே கார்ஹிங்கில் ஆராய்ச்சி செய்யும் என் அக்கா மகன் வீட்டுக்குத்தான் இந்தியாவிலிருந்து வந்திருந்தேன்; அவன்தான் குகனுடைய வாடகைக் காரை ஏற்பாடு செய்திருந்தான். போக வர 180 யூரோ. சனிக்கிழமை காலை ஒன்பதுக்குக் கிளம்பும்போதே குகன் ஒரு நிபந்தனை போட்டார்.

"அண்ணை, பின்னேரம் ஆறு மணிக்கு எனக்குக் கோயில்ல சிட்சுங் இருக்கு. நிர்வாக சபைக் கூட்டம். பிந்த ஏலாது."

முனிச்சைத் தாண்டும்வரை அவர் விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடியே இருந்தன. கைபேசி அடித்தது. பார்த்தார், எடுக்கவில்லை. மீண்டும் அடித்தது. மனிதருக்கு ஏதோ கவலை, கவனத்தைத் திருப்புவோம் என்று நல்லெண்ணத்தோடு போரை ஆரம்பித்தேன்.

"வியன்னாவில் ஒரு பேரரசர் இருந்தார், குகன். ஆண் வாரிசு இல்லை. தனக்குப் பிறகு மகள்தான் என்று உயிரோடிருக்கும்போதே ஊர் ஊராக ஒப்புதல் வாங்கி வைத்தார். அவர் கண்ணை மூடியதும் சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். பெண்பிள்ளைக்கு எப்படி உரிமை வரும் என்று முதலில் கேட்டது யார் தெரியுமா? இந்த பவேரியாக்காரர்தான்."

கார் திடீரென்று வலப்பக்கத் தடத்துக்கு மாறி வேகம் குறைந்தது.

"உங்களை அபிராமி சொல்லி அனுப்பினவளோ?"

"யார் அபிராமி?"

"என்ர அண்ணரின்ர மகள். உங்கட மருமோனும் அவளும் ஒரே லாபில தானே வேலை. தெரியாதமாதிரி கதைக்காதேங்கோ."

லான்ட்ஸ்பெர்க் வரும்வரை நான் நிரபராதி என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்குள் விஷயமும் வெளியே வந்துவிட்டது. அவர்கள் கோயிலில் திருவிழாவின் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம். செலவும் அவர்களுடையது, தர்ப்பை போட்டு முன்னால் நிற்கும் மரியாதையும் அவர்களுடையது. கோயில் தொடங்கிய நாளிலிருந்து தேர்த்திருவிழா குகனின் அண்ணனுடையது. அவர் தை மாதம் காலமாகிவிட்டார். மகன் இல்லை. தேர் யாருக்கு என்பதுதான் மாலைக் கூட்டம்.

"ரெண்டு பேரும் இணங்காட்டி தேரைப் பொதுவில விட்டிடுவினம். எங்கட வீட்டுப் பேரே இல்லாமல் போயிடும்," என்றார் குகன். "தம்பிக்காரன் நான் உயிரோட இருக்கிறன். அவள் எப்பிடிக் கேக்கலாம்? சரி, பொம்பிளைப் பிள்ளை தர்ப்பை போட ஏலாது, புருசன் போடட்டும் எண்டால், அவன் மார்ட்டின்!"

"கெட்டவரா?"

"சீ, தங்கமான பெடியன். என்னைவிட நல்லா வேட்டி கட்டுவான். அதில்லைக் கதை."

சொங்காவ் என்ற ஊரைத் தாண்டியதும் ஆல்ப்ஸ் மலைகள் எதிரே எழுந்தன. இருவரும் பார்க்கவில்லை. ஃபூஸனில் தகவல் மையத்துப் பெண்மணியிடம் 1745 சமாதானம் எங்கே என்று கேட்டேன். "கோட்டைக்கு இந்தப் பேருந்து," என்று புன்னகையோடு நேர அட்டவணையைக் கொடுத்தார். ஊரின் நடைவீதியில் இரண்டு தடவை மேலும் கீழும் அலைந்தும் எந்தச் சுவருக்கு முன்னால் உணர்ச்சிவசப்பட வேண்டும் என்று எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில் லெஹ் ஆற்றங்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். காப்பி தலைக்கு 3.80 யூரோ. நீலமும் பச்சையும் கலந்த தண்ணீர் விரைந்துகொண்டிருந்தது. குகன் கைபேசியைக் கவிழ்த்து வைப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தார்.

"பிறகு அந்த பவேரியாக்காரனுக்கு என்ன நடந்தது?" என்று அவரே கேட்டார்.

என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் கேட்கிறார்! காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். ஃபிராங்ஃபர்ட்டில் அவர் பேரரசராக முடி சூட்டிக்கொண்ட கையோடு அவருடைய தலைநகரான முனிச்சையே ஆஸ்திரியப் படை பிடித்துக்கொண்டது. மூன்று வருடத்தில் செத்தும் போனார். பதினெட்டு வயது மகன் யோசித்தான். உரிமை எதுவும் வேண்டாம், பேரரசர் தேர்தலில் அந்த வியன்னா மகளின் கணவனுக்கே என் வாக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

"புருசன் அந்த ஊர்க்காரனோ?"

"இல்லை. லொரைன்காரர். அசலூர்."

"அப்ப உரிமை பொம்பிளைக்கு, முடி மட்டும் புருசனுக்கு." குகன் ஆற்றைப் பார்த்தார். "பெடியனுக்கு என்ன கிடைச்சது?"

"பவேரியா முழுசாகத் திரும்பக் கிடைத்தது."

"ஓ... விட்டுக்குடுத்தால் ஏதும் தருவினம் என்ன?"

திரும்பும் வழியில் லான்ட்ஸ்பெர்க்கில் பெட்ரோல் போட இறங்கியவர், கடைச் சுவரோரமாக நின்று நீண்ட நேரம் கைபேசியில் பேசினார். வந்து உட்கார்ந்தார்.

"சொல்லிட்டன் அண்ணை. தேர் அபிராமிக்கு. தர்ப்பை மார்ட்டின் போடட்டும்." கண் கலங்கியிருந்தது. என்னுடையதும்தான். படித்த படிப்பு ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்தது என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொள்ள வாய்க்கும்? நாங்கள் கார்ஹிங் வந்தபோது மணி ஐந்துகூட ஆகவில்லை. அவர் கேட்காமலே 200 யூரோ கொடுத்தேன்.

அன்று இரவு ஒரு விஷயம் உறைத்தது. ஃபூஸனில் சமாதானம் ஆன பிறகும் போர் இன்னும் மூன்று வருடம் வேறு இடங்களில் நடந்தது. அதை அவரிடம் சொல்ல விட்டுப்போயிற்று.

அடுத்த வாரம் அக்கா மகன் என்னை அபிராமிக்கு அறிமுகம் செய்தான். பல்கலைக்கழக வாசலில், சைக்கிளும் கையுமாக நின்றாள். நன்றியை எதிர்பார்த்து அடக்கமான முகத்தை வைத்துக்கொண்டேன்.

"ஓம் அங்கிள், தேர் எங்களுக்கு வந்திட்டுது," என்றாள். "ஆனா விட்டுக்குடுத்ததுக்கு ஈடா, தேருக்கு முந்தின நாள் வாற சப்பறத் திருவிழாவைத் தனக்குத் தரச்சொல்லிச் சித்தப்பா சபையில பிடிவாதமா நிக்கிறார். அது வேற ரெண்டு குடும்பத்தின்ர உபயம். முந்தி எங்களோட மட்டும்தான் கதைக்காமல் இருந்தவர். இப்ப அவையோடையும் கதையில்லை. பவேரியாவே திரும்பக் கிடைச்சதாம் எண்டு ஏதோ சொல்லுறார்."

சைக்கிளில் ஏறப் போனவள் நின்று, மிகுந்த மரியாதையோடு கேட்டாள்:

"நீங்கள் எப்ப அங்கிள் இந்தியாவுக்குப் போறியள்?"