மாமா கடைக்கு வரும் ஓடிபி

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆன்லைனில் எம்.எஸ்சி. ஐ.டி. படிக்கிறவனுக்கு எழுதுவது என்றாலே வாய் கசக்கும். வாரம் ஒன்று எழுது, எழுதியதைப் பற்றி இன்னொன்று எழுது, அதிலிருந்து என்ன கற்றாய் என்று மூன்றாவதாக ஒன்று எழுது என்று இரண்டு வருடம் பிழிந்து எடுத்துவிட்டார்கள். ஆனாலும் கடைசிப் பேப்பரில் நடந்ததில் பாதியைத்தான் அவர்களுக்கு எழுதினேன். மீதி உள்ளேயே கிடந்து குடைகிறது.

நான் பெரிய படிப்பாளி இல்லை. மற்றவர்கள் அவசரப்பட்டு மூன்று வருடத்தில் முடிக்கிற பி.சி.ஏ.வை நான் நிதானமாக ஐந்து வருடம் படித்தேன். லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி ஆபீசில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் வேலை. பிரிண்டர் ஓடவில்லை என்று கூப்பிடுவார்கள், போய் ஸ்விட்ச்சைப் போட்டுவிட்டு வருவேன். ஒப்பந்த வேலைதான். எம்.எஸ்சி. முடித்தால் நிரந்தரம் என்று சொன்னதால் சேர்ந்தேன். எல்லாப் பேப்பரும் எப்படியோ தேறிவிட்டன. 'சைபர் பாதுகாப்புத் தலைமை' என்று ஒன்று மட்டும் காலை வாரியது. இரண்டாவது முறையும் போனால் கோர்ஸிலிருந்தே பெயரை எடுத்துவிடுவோம் என்று மெயில் வந்திருந்தது. பட்டம் போனால் வேலையும் போகும்.

இந்தப் பேப்பருக்குப் பரீட்சை கிடையாது. ஒரு சின்ன இடத்தைத் தேர்ந்தெடுத்து, நான்கு வாரம் அதற்குப் பாதுகாப்புத் தலைவராக இருந்து, அங்குள்ளவர்களின் ஒரு கெட்ட பழக்கத்தை மாற்றிக் காட்டி அறிக்கை ஏற்ற வேண்டும். "பாஸ்வேர்ட் மாத்துறது டெக்னீஷியன் வேலை. மனுஷங்கள மாத்துறதுதான் தலைவர் வேலை" என்றார் எங்கள் மேடம். அவரை நான் திரையில் தீப்பெட்டி அளவுக்குத்தான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு உடனே மாமா கடை ஞாபகம் வந்தது. அம்மாவின் அண்ணன். முல்லா வீதிப் பக்கம் ஹார்டுவேர் கடை. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஆஃபருக்கு ஒரு சிம் என்று மாற்றிக்கொண்டே இருப்போம். மாறாத நம்பர் மாமாவுடையது மட்டும்தான். அதனால் ஆதார், பேங்க், கேஸ் என்று எதற்கு நம்பர் கேட்டாலும் எல்லோரும் அதையே கொடுத்துவிட்டோம். பிறகு கடை மாடியில் வாடகைக்குக் குடியிருக்கும் அக்கா கொடுத்தார். எதிர்வீட்டில், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் தாத்தாவும் கொடுத்தார். ஆக, அத்தனை பேருக்கும் வர வேண்டிய ஓடிபி எல்லாம் ஆணித் தராசுக்குப் பக்கத்தில் கிடக்கும் அந்த ஒரு போனுக்குத்தான் வரும். சம்பந்தப்பட்டவர் போன் செய்தால் மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துச் சொல்வார். மெதுவாகச் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை.

"யாரு, கேஸுக்கா? இரும்மா. ஏழு, ஏழு, மூணு, ஒம்போது."

பைப் வாங்க வந்தவர், பெயின்ட் வாங்க வந்தவர், தெருவில் இஞ்சி விற்கிறவர் எல்லோருக்கும் எங்கள் வீட்டு ஓடிபி தெரிந்துவிடும். இதைவிட அருமையான கெட்ட பழக்கம் எனக்கு எங்கே கிடைக்கும் என்று சந்தோஷப்பட்டேன்.

முதல் வாரம் பெயின்ட் டின் மேல் லேப்டாப்பை வைத்துப் படம் போட்டுப் பாடம் எடுத்தேன். மூன்றாவது படத்தில் சிமெண்ட் வண்டி வந்தது. மாமா எழுந்து போய்விட்டார். இரண்டாவது வாரம் 'ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது' என்று பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து ஒட்டினேன். மறுநாள் அதன் மேல் பிரஷ் விலைப்பட்டியல் தொங்கியது.

"மாமா, பேங்க்காரனே கேட்டாலும் சொல்லக் கூடாது."

"பேங்க்காரன் எங்கடா கேக்கறான்? உங்கம்மாதான் கேக்கறா."

"எங்கம்மாதான்னு எப்படித் தெரியும்?"

"நாப்பது வருஷமா அவகிட்ட திட்டு வாங்கறேன். கொரலு தெரியாதா எனக்கு?"

பில் போட்டுக்கொண்டிருந்த மாமி நிமிராமலே சொன்னார்: "இவனுக்கு மார்க்கு வேணும்னு நாம கேஸ் வாங்காம, சோறாக்காம கெடக்கணுமாம்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. சம்பந்தப்பட்டவர்களின் ஒத்துழைப்பைப் பெறுக என்று பாடத்தில் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். எழுதியவர் எங்கள் மாமி முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும்.

மூன்றாவது வாரம் என் புத்தி வேறு பக்கம் வேலை செய்தது. என் நண்பன் ஒருவன், பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே சுற்றுகிறவன், யார் மாதிரியும் பேசுவான். அவனிடம் திட்டத்தைச் சொன்னேன். "உங்க மாமா பாவம்டா" என்றான். டிபன் வாங்கித் தருகிறேன் என்றேன். ஒத்துக்கொண்டான்.

அன்று கடையில் நல்ல கூட்டம். வேலைக்குக் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் பைப் அடுக்குக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அங்கிருந்தே மாமி பெயரில் இருந்த கேஸ் கணக்குக்கு ஓடிபி வரவைத்தேன். உடனே நண்பன் மாமாவைக் கூப்பிட்டான். என் குரல், என் இழுப்பு, என் இருமல்கூட.

"மாமா, நான்தான் மருமவன். என் போன் தண்ணில வுழுந்துடுச்சி, பிரெண்டு போன்லேர்ந்து பேசறேன். ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க."

"தண்ணில போட்டுட்டியா? உனக்கெல்லாம் போனு ஒரு கேடு. எழுதிக்கோ. ரெண்டு, நாலு..."

நான் கைதட்டிக்கொண்டே வெளியே வந்தேன். "வாசல்ல டஜன் கணக்குல பூட்டு தொங்குது. உள்ள ஒண்ணுத்துக்கும் பூட்டில்ல. இதுவே பேங்க் ஓடிபியா இருந்தா உங்க கணக்கு இப்ப காலி மாமா."

கடையே சிரித்தது. எதிர்வீட்டுத் தாத்தா இருமி இருமிச் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பாதியில் விட்ட ஆணியை நிறுக்கத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு நான் போன் செய்தால் அவர் எடுக்கவில்லை. நானும் கடைப் பக்கம் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து அறிக்கையை முடித்தேன். 'கடை உரிமையாளர் மாற்றத்தை விரும்பாதவர். எல்லா முயற்சிகளுக்குப் பிறகும் பழக்கம் மாறவில்லை.' மாறாதது அவருடைய குற்றம், சொன்ன நான் உத்தமன் என்கிற தொனியில் பன்னிரண்டு பக்கம்.

கடைசி நாள் மாலை ஐந்து மணி கெடு. நாலு மணிக்கு ஆபீசில் உட்கார்ந்து அறிக்கை ஏற்றும் தளத்தைத் திறந்தேன். அன்றைக்குப் பார்த்து ஓடிபி கேட்டது. பதிவு செய்த எண்ணுக்கு அனுப்பியிருக்கிறோம் என்றது. கடைசி இரண்டு இலக்கத்தை இரண்டு தடவை படித்தேன். சேரும்போது நானும் மாமா நம்பரைத்தான் கொடுத்திருக்கிறேன். சைபர் பாதுகாப்பு படிக்க.

இந்தத் தடவை மாமா போனை எடுத்தார்.

"மாமா, அவசரம். ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க."

"யாரு பேசறது?"

"நான்தான், மருமவன்."

"அன்னிக்கும் ஒருத்தன் இப்படித்தான் சொன்னான்" என்று வைத்துவிட்டார்.

மாமிக்குப் போட்டேன். "என்னைக் கேக்காத. இப்பெல்லாம் யாரா இருந்தாலும் நேர்ல வந்து மூஞ்சியக் காட்டுனாத்தான் தர்றாரு. கேஸுக்கு உங்கம்மா ஆட்டோ புடிச்சி வந்துட்டுப் போனா. நல்லா இருக்குடா உன் படிப்பு."

அம்மா என்னிடம் இதைச் சொல்லவே இல்லை.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். முத்தியால்பேட்டையில் ஒரு கல்யாண ஊர்வலம், பெரிய மார்க்கெட் முனையில் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத ஒரு வேன். ஊரே எனக்கு எதிராகக் கூட்டம் போட்டது போல இருந்தது. கடைக்குள் நுழையும்போது மணி நாலு முப்பத்தைந்து. பழைய ஓடிபி காலாவதியாகியிருந்ததால் இன்னொன்று வரவைத்தேன். எனக்கு முன்னால் எதிர்வீட்டுத் தாத்தா நின்றுகொண்டிருந்தார். மாமா கண்ணாடி வழியாக அவர் முகத்தைப் பார்த்து, பழைய பில்லின் பின்பக்கம் நம்பரை எழுதி, நான்காக மடித்துக் கையில் வைத்தார். வாயைத் திறக்கவில்லை. தாத்தா "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டு, அதை இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

பிறகு என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவனேதான்" என்று மாமியிடம் சொன்னார். எழுதி, மடித்து, நீட்டினார்.

அதே பெயின்ட் டின் மேல் லேப்டாப்பை வைத்து தளத்துக்குள் போனேன். அறிக்கை திறந்தது. 'பழக்கம் மாறவில்லை' என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. அப்படியே ஏற்றிவிட்டுப் போயிருக்கலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் மடித்த சீட்டு கையில் இருந்தது. கடைசிப் பக்கத்தை அழித்தேன். பழக்கம் மாறிவிட்டது, இன்று எனக்கே போனில் சொல்லவில்லை என்று எழுதினேன். மாற்றியது என் பாடமோ நோட்டீஸோ இல்லை, நாலு பேர் பார்த்துச் சிரிக்கும்படி அவரை அசிங்கப்படுத்தியதுதான் என்று எழுதினேன். அந்தப் போனை நம்பி இருந்தவர்கள் இப்போது ஆட்டோவில் வந்து போகிறார்கள், அதைப் பற்றி நான் முன்னாலேயே யோசிக்கவில்லை என்றும் எழுதினேன். ஆதாரத்துக்காகச் சீட்டைப் படம் எடுக்கப் போனேன்.

"படம்லாம் எடுக்காத. கிழி" என்றார் மாமா.

கிழித்தேன். நாலு ஐம்பத்தாறுக்கு அறிக்கை ஏறியது.

"முடிஞ்சுதா? டின்ன வுடு, ஆளு நிக்கறாரு."

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. பார்டரில் பாஸ். கீழே மேடம் எழுதியிருந்தார்: 'முதல் பதினொரு பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் இரண்டு பேர் எழுதியது போல இருக்கிறது. மதிப்பெண் கடைசிப் பக்கத்துக்கு. அந்தக் கடைக்காரரிடம் பிறகு என்ன சொன்னீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை.'

எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்படியே படம் பிடித்து நண்பனுக்கு அனுப்பினேன். "பாஸாயிட்டேன்டா. ஆனா இந்தம்மாவுக்கு எவ்ளோ எழுதினாலும் பத்தல. மாமாகிட்ட என்ன சொன்னேன்னு வேற கேக்கறாங்க" என்று கீழே போட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவனிடமிருந்து பதில் வந்தது.

"நான் மறுநாளே கடைக்குப் போயி மன்னிப்பு கேட்டுட்டு வந்துட்டேன், நீ இன்னும் கேக்கலியா?"