வேனில் பார்த்த முகங்கள்

இருட்டியதும் சமணர் மலைப் பக்கமிருந்து ஒரு சத்தம் வருகிறது, பிள்ளை வீறிடுவது மாதிரி. மயில்தான் என்கிறார் என் வீட்டுக்காரர். தெரிந்துதான் இருக்கிறது. ஆனாலும் பக்கத்தில் படுத்திருக்கும் பத்து மாத மகளின் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த ராத்திரி ஜெபம் வேறு தானாக வாய்க்குள் ஓடுகிறது.

கல்யாண வீட்டில் எடுத்த படம் தேறுமா தேறாதா என்பது, வேனில் ஏறி டேப்லெட்டைத் திறந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். மடியில் டேப்பும் தொண்டையில் குமட்டலுமாக ஊர் ஊராய்ப் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். சேகரண்ணன் படம் எடுப்பார். முத்தண்ணே வேன் ஓட்டுவார். நானும் ஒரு கேமரா பிடிப்பேன். திரும்பும் வழியில் இரண்டு கேமரா படங்களையும் பார்த்து நல்லதுக்கு நட்சத்திரம் போடுவேன், மற்றதை ஒதுக்குவேன். பிள்ளை பிறந்த பிறகு நாளை விடியற்காலை நாலு மணிக்குத்தான் மறுபடியும் அந்த வேன் எனக்காக வருகிறது. ஏறுவேனா என்று இன்னும் எனக்கே தெரியவில்லை. தூக்கமும் வரவில்லை. பழசை எழுதுகிறேன்.

மாமனைக் காணோம்

அழகர்கோவிலில் ஒரு காதுகுத்து. முடித்து, சாப்பிட்டு, அப்பன்திருப்பதி தாண்டி வந்துகொண்டிருந்தோம். டேப்பில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்த எனக்குக் கை நின்றுவிட்டது. காது குத்தும் நேரத்துப் படங்கள் பதினொன்று. பதினொன்றிலும் பிள்ளையின் மொட்டைத் தலை பளபளவென்று இருக்கிறது. மடியில் வைத்திருந்த தாய்மாமன் முகம் அந்த மொட்டைக்குப் பின்னால். வேட்டியும் மோதிரமும்தான் தெரிகிறது.

காதுகுத்தில் தாய்மாமன் முகம் இல்லாத ஆல்பத்தை யாரும் வாங்க மாட்டார்கள். இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை நின்றாலும் நிற்கும். முத்தண்ணே வேனைத் திருப்பினார்.

பாதி பிரியாணியில் இருந்த மாமனை எழுப்பி, கையைக் கழுவ வைத்து, தூங்கிய பிள்ளையை மடியில் கொடுத்தோம். ஊசி இல்லாமல் ஆசாரி சும்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான். அவர் முகத்தைப் பார்த்ததுமே பிள்ளை மண்டபமே அதிர அழ ஆரம்பித்தது. மாமன் என்னைப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளைக்கு ஆசாரி மறக்கல தாயி. நீங்கதான் என்னைய மறந்துட்டீங்க."

நேர் ரோடு

ஓடும் வண்டியில் டேப் பார்த்தால் தலை சுற்றும். அதற்கென்று பையில் எலுமிச்சம்பழம் வைத்திருப்பேன். ஒருநாள் திருமங்கலத்திலிருந்து நாலுவழிச் சாலையில் வரும்போது பழத்துக்கும் அடங்கவில்லை. இரண்டு தடவை வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். முத்தண்ணே தண்ணி பாட்டிலை நீட்டினார்.

"ரோடு ரொம்ப மோசம்ணே" என்றேன், வெட்கத்தை மறைக்க.

மூன்று பெண்ணைப் பெற்ற மனுஷன். கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். "வளைவே இல்லாத ரோட்டுல இம்புட்டு சுத்துதுன்னா, போய் வீட்டுக்காரர்ட்டச் சொல்லு தாயி."

ஒதுக்கிய படம்

ஆறாம் மாதத்தில் நான் கடைசியாகப் போன கல்யாணம் அது. பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தல்லாகுளத்தில் இறங்கிக்கொள்கிறேன் என்று பெண்ணின் அப்பா எங்கள் வேனில் ஏறினார். பட்டு வியாபாரம் செய்யும் சௌராஷ்டிரக் குடும்பம். பார்க்கிறீர்களா என்று டேப்பைக் கொடுத்தேன்.

நட்சத்திரம் போட்ட படங்களை எல்லாம் சடசடவென்று தள்ளினார். நான் ஒதுக்கி வைத்திருந்ததில் ஒன்றில் வந்து நின்றார். பந்தியில் பெண் வாய் நிறைய சோற்றோடு யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள், படம் ஆடிப்போயிருக்கிறது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"இத அழிச்சிராதம்மா. மத்ததெல்லாம் நீங்க அலங்காரம் பண்ணின பொண்ணு. இதுதான் எங்க பொண்ணு."

அன்றிலிருந்து ஆடிப்போன படத்தை நான் அழிப்பதில்லை. என் போனில் என் மகள் படம் பாதி அப்படித்தான் இருக்கிறது.

நாலு மணி

மீதியை வேனில் உட்கார்ந்து டேப்பில் எழுதுகிறேன்.

முத்தண்ணே ஹாரன் அடிக்கவில்லை. விளக்கை மட்டும் ஒருமுறை அணைத்துப் போட்டார். வாசலில் பையோடு நின்று, பால் எந்த டம்ளரில், காய்ச்சல் மருந்து எந்தத் தட்டில், மயில் கத்தினால் எப்படித் தட்டிக்கொடுப்பது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மகள் என் வீட்டுக்காரர் தோளில் வாயைத் திறந்து தூங்கினாள். "லிஸ்ட்டு போதும். அவளுக்கு நான் நேத்து வந்த ஆளில்ல" என்றார்.

ஊரார் முகத்தையெல்லாம் பெரிசாக்கிப் பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. சொந்தப் பிள்ளை முகத்தை இன்னொரு தரம் பார்க்கலாமென்று பாதிப் படியில் நான் திரும்புவதற்குள், அவர் உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டுவிட்டார்.