தெர்யோவின் சூட்டுக் கைகள்

"ஊத்துங்கண்ணே, மெதுவா, மெதுவா" என்று வாசல் காவலாளியிடம் பிளாஸ்க்கை நீட்டிவிட்டு, தெர்யோ இரண்டு கைகளையும் தொட்டிக்கு மேல் விரிக்கிறார். வெந்நீர், சோப்பு, விரலிடுக்கு, பிறகு நகக்கண். நகக்கண்ணில்தான் தகராறு. விடிகாலையிலிருந்து பிசைந்த ரொட்டி மாவு அங்கே காய்ந்து கிடக்கும்.

பிலிப்பைன்ஸ் நாட்டு இலோயிலோ நகரத்தில் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ரொட்டி சுடுகிறவர். குறைமாதத்தில் பிறந்த மகள் மயூமி, நான் நர்ஸாக இருக்கும் வார்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். மனைவி பெர்லிட்டாவுக்கு ரத்தக் கொதிப்பு, எழுந்து நடக்கக்கூடாது. அதனால் பால் கொண்டுவருவது, துணி மாற்றுவது எல்லாம் இவர்தான்.

முதலில் இவரைக் கை கழுவ வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "அடுப்படியில வெந்த கை சிஸ்டர். சூட்டோட பச்சத்தண்ணி பட்டா பஸ்மாங்கிற நடுக்கம் வந்துரும். கை நடுங்கினா மாவு எப்படிப் பிசையறது?" என்பார். ஸ்பிரிட்டைக் கொடுத்தால், "இது அதவிட ஜில்லுனு இருக்கே!" திட்டவும் வாய் வரவில்லை. துணிக்கு இஸ்திரி போட்ட சூட்டுக் கையோடு நான் குழாயைத் தொட்டால் என் அம்மாவும் இதைச் சொல்லித்தான் கத்துவாள். மனிதர் கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு, "திங்கிற மாவுதானே, இதுல என்ன அழுக்கு?" என்று பெட்டிப் பக்கம் நழுவப் பார்ப்பார்.

அந்த வாரமே மயூமிக்குக் கிருமி தொற்றியது. யார் கையிலிருந்து வந்ததோ, யாருக்கும் தெரியாது. இன்னொரு தடவை வந்தால் பிள்ளை தாங்காது என்றார் டாக்டர். மறுநாள் தெர்யோ வெந்நீர் பிளாஸ்க்கோடு வந்தார். "சுடுதண்ணின்னா பஸ்மா வராதில்ல?" வராது என்றேன். அன்றிலிருந்து ஐயா எனக்கு மேலே! "நகத்தைக் காட்டும்மா" என்று பக்கத்துப் பெட்டித் தாய்மாரை விரட்டுகிறார்.

இன்று ரத்தப் பரிசோதனை வந்தது. கிருமி போய்விட்டது. அப்பாடா! எனக்கே கண் கலங்கிவிட்டது. சட்டையைத் திறந்து, பிள்ளையை வெற்று நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பினோம். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். கையில் பிளாஸ்க் இல்லை.

"இருங்க, வெந்நி கொண்டாறேன்" என்று நான் திரும்புவதற்குள் குழாயைத் திறந்துவிட்டார். முழங்கை வரை பச்சைத் தண்ணீர். விரலிடுக்கு, நகக்கண், ஒன்றையும் விடவில்லை.

"பொத்தான், சிஸ்டர்... நான் இனி எதையும் தொடமாட்டேன்."

ஈரக் கைகளை அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் குவித்துத் தன் சட்டையைக் காட்டினார்.