மூன்று வகை அவிசுவாசிகள்

குற்றாலத்தில் எனக்கு எண்ணெய் தேய்த்தவரின் கழுத்தில், கத்தோலிக்கர் கயிற்றில் கோத்து அணியும் துணித்துண்டான மாதா உத்தரியம் வியர்வையில் கறுத்துத் தொங்கியது. ஆளைத் தொடுமுன் கட்டைவிரலால் தன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். அதைப் பார்த்து, எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்றேன்.

"அதுல மூணு வகை உண்டு அண்ணாச்சி. வேதமே காதுல விழாதவன் மேல குத்தமில்ல. கேட்டும் வேண்டாம்னவன் வேற. ஞானஸ்நானம் வாங்கிட்டு விட்டுட்டுப் போனவன் பாடுதான் மோசம். நீங்க எதுல சேத்தி?"

"முதல் வகை" என்றேன். ஞானஸ்நானம் வாங்கியவன் என்று சொல்ல வாய் வரவில்லை.

தேய்த்து முடித்து முதுகில் தட்டி, "சேசுவுக்கே புகழ்" என்றார்.

"மரியே வாழ்க" என்றது என் வாய், சிறுவயதில் மாதா கோயிலில் பதில் சொல்லிப் பழகிய பழக்கத்தில்.

அவர் சிரிக்கவில்லை. "முதல் வகைக்கு இந்தப் பதில் தெரியாதே" என்று கையைத் துடைத்தார்.

இப்போதும் குற்றாலம் போனால், எண்ணெய் தேய்ப்பவரின் கழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.