தலையணையில் பழகிய ராக்

சினிமா இசையில் இன்று பெரிய பெயர் எடுத்திருக்கும் இரண்டு பேரோடு ஒரு காலத்தில் நான் டிரம்ஸ் வாசித்தேன். சொன்னால் ஆவடியில் பாதிப் பேர் நம்புவதில்லை. நம்புகிறவர்கள் "அடடா, வுட்டுட்டியே" என்று உச்சுக்கொட்டுவார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது.

எண்பதுகளின் கடைசி. ஒருவன் கிடார், ஒருவன் பாட்டு, நான் டிரம்ஸ். மூவரின் அப்பாக்களுக்கும் டாங்கி செய்யும் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் பகலில் சத்தம் போடக் கூடாது. நைட் ஷிப்ட் முடித்தவர் யாராவது பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். ஆகவே நாங்கள் ஹார்ட் ராக்கைச் சத்தமில்லாமல் பழகினோம். கிடாரை ஸ்பீக்கரில் சொருகுவதில்லை. நான் தலையணைகளை அடுக்கி வைத்து அடிப்பேன். பாடகன் அலற வேண்டிய இடத்தில் வாயை மட்டும் திறப்பான். இப்படியே ஒரு வருடம். எங்கள் இசை எங்களுக்குப் பிரமாதமாகத்தான் இருந்தது.

குவார்ட்டர்ஸ் கிறிஸ்துமஸ் விழாவில் வாசித்துவிட்டு மூவரும் கோடம்பாக்கம் போய் வாய்ப்புத் தேடுவதாக ஏற்பாடு. அதற்குள் எனக்குத் தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் இடம் கிடைத்துவிட்டது. எனக்கு அந்த வேலைதான் வேண்டும். என்னை நம்பிக்கொண்டிருக்கும் இவர்களிடம் அதை எப்படிச் சொல்வது? சோறு இறங்கவில்லை.

விழாவன்று வாடகை டிரம்ஸ், வாடகை ஸ்பீக்கர். கிடார்காரன் கம்பியைத் தட்டியதும் பந்தலே அதிர்ந்தது. எங்கள் சத்தத்தை நாங்களே அன்றுதான் முதலில் கேட்டோம். மிரண்டுபோனேன். மிரண்டவன் கை சும்மா இருக்குமா? அடித்துக்கொண்டு ஓடியது. அவர்கள் பாட்டின் பாதியில் இருக்கும்போது நான் முடித்துவிட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தேன். கேரல் பாட வந்திருந்த அக்காக்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மேடைக்குப் பின்னால் கிடார்காரன் என் தோளில் கை போட்டான். "இன்னா மாமே, கடைசி ரயில புடிக்கிற மாதிரி அட்ச்சிகினு பூட்ட."

இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று தோன்றியது. "மச்சான், எனக்கு ஃபேக்டரில வேல கெட்ச்சிகீது. நான் கோடம்பாக்கம் வர்ல."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்பாடா," என்றான் பாடகன். "தலகாணிலயே நீ ஓடிகினுதான் இருந்த. உங்கிட்ட எப்டி சொல்றதுன்னு ஒரு மாசமா முழிச்சிகினு கீறோம்."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியதில், விழாவில் போட்ட பிரியாணியை இரண்டாம் தட்டும் வாங்கிச் சாப்பிட்டேன்.

தொண்ணூறுகளில் அவர்கள் பாட்டு போடாத பஸ் இல்லை. நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது அது ஒலித்தால் என் விரல்கள் முன்சீட்டுக் கம்பியில் தானாகத் தாளம் போடும். பாட்டில் இன்னும் ஒரு சரணம் மிச்சமிருக்கும்போதே நான் முடித்துவிட்டு, ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவேன்.